அரை பாட்டில் மழைத்தண்ணீர்

2024 ஏப்ரல் 27, சனிக்கிழமை. காலை ஒன்பது பத்து. கொல்கத்தா பவானிபூரில் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடிக் கதவு திறக்கப்பட்டது. மாடியில் சீதாராமன் கிடந்தார். வயது அறுபத்தெட்டு. ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. இறந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

திறந்தவன் அவருடைய அக்கா மகன் அனந்த்.

இரண்டு அடி வைத்தான். திரும்பி ஓடிப் படிக்கட்டில் வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகுதான் போலீசுக்குப் போன் செய்தான்.

இன்ஸ்பெக்டர் வேலாயுதம் நான்கு மாடியும் ஏறி வந்தார். லிஃப்ட் கிடையாது. வெயில் நாற்பத்தொரு டிகிரி. முழங்கால் ஒவ்வொரு படியிலும் பேசியது.

பவானிபூரிலேயே பிறந்தவர் அவர். அப்பா ஒரு தேயிலைக் கம்பெனியில் டைப்பிஸ்ட். தமிழ்க் குடும்பத்தில் எது நடந்தாலும் ஸ்டேஷனில் அவர் தலையில்தான் கட்டுவார்கள். கல்யாணத் தகராறு, பங்காளிச் சண்டை, இப்போது இது.

மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

மாடி முழுக்கப் பச்சை வலை போட்ட கொட்டகை. உள்ளே இருநூறு ஆர்க்கிட் செடிகளுக்குக் குறையாது. கம்பிகளில் தொங்கின. எல்லாமே வெயிலில் வற்றலாகியிருந்தன. ஓர் இரும்பு ஏணி சாய்ந்து விழுந்து கிடந்தது. பக்கத்தில் சீதாராமன். தண்ணீர்த் தொட்டியின் சிமென்ட் விளிம்பில் காய்ந்த ரத்தம்.

ஏணியில் ஏறினார், தவறினார், விழுந்தார்.

அப்படி எழுதிவிட்டு இறங்கிப் போயிருக்கலாம். வேலாயுதத்துக்கும் அதுதான் ஆசை.

ஆனால் பூட்டு இடித்தது.

அனந்த் வந்தபோது கதவு படிக்கட்டுப் பக்கமிருந்து பூட்டியிருந்தது. செத்தவர் மாடியில். பூட்டு வெளியே. சாவிகள் இரண்டு. ஒன்று அனந்திடம். இன்னொன்று சீதாராமனிடம் இருக்க வேண்டியது... சட்டைப் பையிலும் இல்லை, வீட்டிலும் இல்லை.

வேலாயுதம் பெருமூச்சு விட்டார். விபத்து கொலையாகிவிட்டது. இனி ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லை.

மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ராஜலக்ஷ்மி படிக்கட்டிலேயே நின்றிருந்தாள். வயது ஐம்பத்திரண்டு. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. அனந்துக்குத் தகவல் சொன்னவள் அவள்தான். முந்தானையை மூக்கிலிருந்து எடுக்காமலே பேசினாள்.

"புதன்கிழமை சாயந்தரத்துலேர்ந்தே நாத்தம் சார். அவரோட செடி பூத்திருக்கும்னு நெனச்சுண்டேன்."

"செடியா?"

"அது பூத்தா இப்படித்தான். செத்த எலி மாதிரி. ஒண்ணு ரெண்டு பூவுக்கே அந்த நாத்தம்னா, மேல எத்தனை வெச்சிருக்காரோன்னு விட்டுட்டேன். இன்னிக்குத் தாங்கல."

"நாலு நாளா அவரைக் காணோம்னு தோணலையா?"

"அவரைப் பார்த்தா ஆச்சரியப்படணும் சார். காணாட்டா என்ன? எப்பவும் மேலதான்."

வேலாயுதம் எழுதிக்கொண்டார். செடியைப் பற்றிச் சொன்னதை ஒரே வரியில் சுருக்கினார். பூ என்றால் மணக்கும் என்பதோடு அவருடைய தாவர அறிவு முடிந்துபோகும்.

கான்ஸ்டபிள் தபன் கொட்டகையின் கடைசி மூலையிலிருந்து கூப்பிட்டான். வங்காளத்தில் ஏதோ சொன்னான். ஈரமாக இருக்கிறது என்பது மட்டும் வேலாயுதத்தின் காதில் விழுந்தது.

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு பழைய மீன் தொட்டி. மேலே கண்ணாடி மூடி. சுற்றிலும் கோணி. கோணி ஈரம்.

மூடியைத் தூக்கினார்.

உள்ளே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு மரப்பட்டை. மேலே பாசி. பாசி மேல் கடுகு கடுகாகப் பச்சை உருண்டைகள். ஒவ்வொரு உருண்டையிலும் அரிசி நுனி அளவுக்கு ஓர் இலை. நடுவிலிருந்து நூல் போல ஒரு காம்பு எழுந்திருந்தது. அதன் நுனியில் ஒரு மொட்டு. வேலாயுதத்துக்கு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

பாசியைத் தொட்டார்.

ஜில்லென்று இருந்தது.

இருநூறு செடி செத்துவிட்டது. வளர்த்தவரும் செத்துவிட்டார். இது ஒன்றுக்கு மட்டும் இன்று காலை யாரோ தண்ணீர் தெளித்திருக்கிறார்கள்!

பிணத்தைத் தாண்டி வந்து.

அதுவும் இன்று மட்டும் இல்லை. ஏப்ரல் வெயிலில் நான்கு நாள் தாக்குப்பிடித்திருக்கிறது என்றால், தினமும் வந்திருக்கிறார்கள்.

சீதாராமனின் அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்தது. அந்தச் செடிக்கு மட்டுமே எழுதியது. ஒன்பது வருடக் குறிப்பு. எத்தனை மணிக்குத் தண்ணீர், எத்தனை டிகிரி, புது இலை எத்தனை. கடைசிக் குறிப்பு ஏப்ரல் 23, செவ்வாய்க்கிழமை.

'காலை 6.10. மொட்டு மூன்று மில்லிமீட்டர். ஒன்பது வருஷத்தில் முதல் மொட்டு. மழைத்தண்ணீர் கடைசி பாட்டில் இன்று திறந்தேன்.'

மாடியில், மீன் தொட்டிக்குப் பின்னால் அந்த பாட்டில் இருந்தது. நீல மூடி. திறந்த அன்றே சீதாராமன் இறந்துவிட்டார். பாட்டிலில் பாதிதான் மிச்சம்.

மதியம் இரண்டு மணிக்கு மீன் தொட்டியோடு ஸ்டேஷனுக்கு வந்தார்கள்.

அனந்தை முதலில் உட்கார வைத்தார் வேலாயுதம். முப்பத்தொரு வயது. கரியாஹாட்டில் வீடு. மாமாவின் ஃப்ளாட் அவனுக்குத்தான் வரும். அதை வாங்கிக்கொள்ள ஒரு பில்டர் இரண்டு வருடமாகத் தயாராக இருக்கிறார். மாமாதான் மாடியை விடமாட்டேன் என்றார். இதையெல்லாம் கேட்காமலே சொன்னான்.

"மாமா ரொம்ப ஜேதி சார். தமிழ்ல என்ன சொல்வாங்க... பிடிவாதம். செடியை எங்க கொண்டு போறதுன்னு கேட்பார். ஆள் எங்க போறதுன்னு கேட்டாலாவது பதில் சொல்லலாம்."

"கடைசியா எப்ப பார்த்தே?"

"பொய்லா பொய்ஷாக் அன்னிக்கு. ஸ்வீட் குடுத்துட்டு வந்தேன்."

அது ஏப்ரல் 14. வங்காளப் புத்தாண்டு. அதற்குப் பிறகு வரவில்லை என்பதற்குச் சாட்சி அவனுடைய மனைவி மட்டும்தான்.

வேலாயுதம் மீன் தொட்டியைக் காட்டினார். காய்கிற மாதிரி இருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் விடேன் என்றார்.

அனந்த் மேஜையில் இருந்த கண்ணாடித் தம்ளரை எடுத்தான். ஸ்டேஷன் குழாய்த் தண்ணீர். மூடியைத் திறந்து அப்படியே சாய்க்கப் போனான். தபன் கையைப் பிடித்துக்கொண்டான்.

அனந்துக்குப் புரியவில்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னது போலீஸ்தானே?

'இவன் மாமாவைக் கொன்றிருக்கலாம். செடியைக் காப்பாற்றியவன் இவன் இல்லை.' வேலாயுதம் மனதுக்குள் ஒரு கோடு போட்டார்.

நோட்டுப் புத்தகத்தில் அடிக்கடி வந்த பெயர் ஒன்று இருந்தது. கோபு. கடைசி இரண்டு மாதமாக அது வரவில்லை.

காளிகாட் மெட்ரோ பக்கத்தில் அப்பளம், காபிப் பொடி, கற்பூரம் விற்கும் கடை கோபுவுடையது. வயது அறுபது. ஜீப் போனதும் மறுப்புச் சொல்லாமல் ஏறி வந்தார். ஸ்டேஷனில் உட்கார்ந்ததும் அவர் பார்த்தது இன்ஸ்பெக்டரை இல்லை. மேஜையை.

மீன் தொட்டி மூடியில்லாமல் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தது.

கோபு ஒழுங்காகத்தான் பதில் சொன்னார். இருவரும் இருபது வருடப் பழக்கம். ஆர்க்கிட் கண்காட்சியில் அறிமுகம். பிப்ரவரியில் ஒரு மனஸ்தாபம். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. சாவு இப்போதுதான் தெரியும். வருத்தமாக இருக்கிறது.

"என்ன மனஸ்தாபம்?"

"செடி விஷயம் சார். உங்களுக்கு அது பெருசாத் தெரியாது."

"எனக்கு எதுவுமே பெருசாத் தெரியறதில்ல. சொல்லுங்க."

"விடுங்க சார். ஆள் போயாச்சு."

பேசும்போது அவர் கண் நான்கு தடவை மேஜைக்குப் போயிற்று. வேலாயுதம் எண்ணினார். ஐந்தாவது தடவை போனபோது தபனிடம் வங்காளத்தில் சொன்னார். தம்ளர் தண்ணீரை அந்தச் செடிக்கு ஊற்று. பாவம், வாடுகிறது.

தபன் தம்ளரை எடுத்தான்.

"வேண்டாம் சார்."

தபன் சாய்த்தான்.

"சார், அது பைப் தண்ணி! உப்புத் தண்ணி பட்டா வேர் கருகிடும். மழைத்தண்ணிதான் விடணும். நீல மூடி பாட்டில்ல பாதி இருக்கு, அதை எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

வேலாயுதம் கை காட்டினார். தபன் ஒரு சொட்டும் ஊற்றாமல் தம்ளரைக் கீழே வைத்தான்.



"செவ்வாய்க்கிழமை காலையிலதான் அந்த பாட்டிலைத் திறந்திருக்காரு." வேலாயுதம் அலுப்போடு சொன்னார். "பிப்ரவரிக்கு அப்புறம் அந்தப் பக்கம் போகாத மனுஷனுக்கு அதுல பாதி இருக்கறது எப்படித் தெரியும்?"

கோபு எழுந்து போய் மீன் தொட்டியின் மூடியை எடுத்து மூடினார். யாரும் தடுக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஃபேனை நிறுத்தச் சொல்லுங்க சார். மூடி இடுக்குல காத்து போனாலே மொட்டு உதிர்ந்துடும். அப்புறம் எல்லாத்தையும் சொல்றேன்."

நிறுத்தினார்கள். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கோபு சொன்னார்.

அந்தச் செடி முதலில் அவருடையது. காலிம்போங் வியாபாரி ஒருவரிடம் வாங்கிய பெரிய செடியின் வேரில் தற்செயலாக ஒட்டிக்கொண்டு வந்தது. பாசி என்று நினைத்துச் சுரண்டப் போனவர், லென்ஸ் வைத்துப் பார்த்ததால் நிறுத்தினார். எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒன்று இல்லை. ஆனால் பூவைப் பார்க்காமல் இன்ன இனம் என்று யாரும் சொல்ல முடியாது. அது பூக்கவே இல்லை.

"எங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு சார். அபூர்வமா ஒரு செடி கெடச்சா, ஒரு துண்டு கிள்ளி நம்பிக்கையான ஆள்கிட்ட குடுத்து வைப்போம். நம்மகிட்ட இருக்கறது செத்துட்டா, அங்கேர்ந்து ஒரு துண்டு திரும்பி வரும். கேட்டா குடுத்துடணும். குடுக்காதவன் கூட யாரும் பழக மாட்டாங்க."

ஒன்பது வருடம் முன்பு அவர் அப்படி ஒரு துண்டை சீதாராமனிடம் கொடுத்தார்.

2020-இல் அம்பன் புயல் வந்தது. கோபுவின் மாடிக் கொட்டகையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அடுத்த தெருவில் போட்டது. ஒரு செடி மிஞ்சவில்லை.

"துண்டு கேட்டேன். இலை விடட்டும்னாரு. இலை விட்டுது. இன்னும் ரெண்டு உருண்டை வரட்டும்னாரு. வந்துது. நாலு வருஷம் சார். பிப்ரவரியில கடைசியா கேட்டேன். பூத்தப்புறம் பார்க்கலாம்னுட்டாரு. பூத்துட்டா அது அவரு செடி. அவரு பேருல எழுதி அனுப்பிடுவாரு."

"செவ்வாய்க்கிழமை?"

"அவரே கடைக்கு வந்தாரு. ரெண்டு மாசமா பேசாத மனுஷன். கோபு, மொட்டு வந்திருக்கு, வந்து பாருன்னாரு. இந்த ஊர்ல வேற யார்கிட்ட போய் அதைச் சொல்ல முடியும் அவரால?"

போனார். லென்ஸ் வைத்துக் கால் மணி நேரம் பார்த்தார். இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பழைய நாள் மாதிரி இருந்தது. பிறகு சீதாராமன் வலைக்கு மேல் ஈரக் கோணி போட வேண்டும் என்று ஏணியில் ஏறினார். கோபு கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே, இனிமேலாவது ஒரு துண்டு கொடுங்கள் என்று கேட்டார்.

"மேலேர்ந்து சிரிச்சாரு சார். உன்கிட்ட குடுத்தா மறுபடியும் நீ அதைச் சாகடிப்பேன்னாரு."

கோபு தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"நான் தள்ளல. பிடிச்சிட்டிருந்தேன். விட்டுட்டேன்."

தபனுக்குத் தமிழ் தெரியாது. அவனும் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"விழுந்தப்புறம் உயிர் இருந்துதா?"

"பார்க்கல சார்."

"பக்கத்துலயே விழுந்திருக்காரு. பார்க்கலையா?"

"நான் பாசியைப் பார்த்தேன். காஞ்சிருந்துது."

வேலாயுதம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செடியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே, எதற்குத் தினமும் வந்தீர்கள் என்று கேட்டார். போலீஸ்காரருக்கு அது தேவையில்லாத கேள்வி. ஆனாலும் கேட்டார்.

மொட்டு விட்ட செடியை இடம் மாற்றினால் மொட்டு உதிர்ந்துவிடும் என்றார் கோபு. பூக்கிறவரை அது அங்கேயேதான் இருக்க வேண்டும். அதனால் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். தினமும் விடிகாலை, பால்காரனுக்காகத் தெருக்கதவு திறக்கும்போது வந்தார். மூன்றாம் நாளிலிருந்து கைக்குட்டையில் கற்பூரம் சுருட்டி மூக்கில் வைத்துக்கொண்டார். கடைச் சரக்குதான்.

"மத்த செடிங்களுக்கு ஏன் தண்ணி விடல?"

"அதெல்லாம் அவருது சார்."

சாவி, கடையில் காபிப் பொடி டப்பாவுக்குள் இருந்தது. தபன் போய் எடுத்துவந்தான். மணி ஐந்து ஐம்பது. கேஸ் ஒரே நாளில் முடிந்துவிட்டது. வேலாயுதத்துக்கு சந்தோஷம் வரவில்லை. தலைவலி வந்தது.

லாக்கப்பில் கோபு சாப்பாடு கேட்கவில்லை. வக்கீல் கேட்கவில்லை. காலையிலும் மாலையிலும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பூத்துடுச்சா சார்?"

நீல மூடி பாட்டில் வழக்குச் சொத்து. அதைத் திறக்கக் கூடாது என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். மீன் தொட்டியும் வழக்குச் சொத்து. அதற்கு ஒரு சீட்டு ஒட்டி, பழைய சைக்கிள்களுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

ஏப்ரல் 29, திங்கட்கிழமை காலை மொட்டு பாசியின் மேல் விழுந்து கிடந்தது. கருவேப்பிலைக் காம்பின் நுனி மாதிரி இருந்தது.

வேலாயுதம் லாக்கப் பக்கம் போகாமல் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் மாலை ராஜலக்ஷ்மியிடம் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கப் போனார். மூன்று மாடி. முழங்கால். அவள் ஆபீஸிலிருந்து வந்து, அடுப்பில் இட்லிப் பானை வைத்திருந்தாள். ஹாலில் உட்கார வைத்து மோர் கொடுத்தாள். வேலாயுதம் படித்துக் காட்டினார்.

'செடி பூத்தால் நாற்றம் வரும் என்று நினைத்து...'

நிறுத்தினார்.

மறுபடி படித்தார்.

"மேடம், அந்தச் செடி பூத்தா செத்த எலி மாதிரி நாறும்னு சொன்னீங்க."

"ஆமாம்."

"ஒன்பது வருஷமா அது பூத்ததே இல்லையே? அதுக்காகத்தானே ஒருத்தர் செத்து, ஒருத்தர் ஜெயிலுக்குப் போறாரு... உங்களுக்கு எப்படி அந்த நாத்தம் தெரியும்?"

ராஜலக்ஷ்மி அவரை விசித்திரமாகப் பார்த்தாள்.

"யார் சொன்னா பூத்ததில்லைன்னு? வருஷா வருஷம் பூக்கறதே."

சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஜன்னல் கம்பியில் ஒரு கொட்டாங்கச்சி தொங்கியது. இட்லிப் பானையின் ஆவி நேராக அதன் மேல் போயிற்று. கொட்டாங்கச்சியின் ஓடே தெரியவில்லை. கடுகு கடுகாகப் பச்சை உருண்டைகள். நூற்றுக்கணக்கில். அடியிலும் வழிந்து தொங்கின.

வேலாயுதம் கிட்டப் போனார்.

"ஆறு வருஷம் இருக்கும். சீதாராமன் மாமா கொண்டுவந்து குடுத்தார். எங்கிட்ட செத்துடுத்துன்னா உங்ககிட்ட வாங்கிக்கறேன், வெச்சுக்கோங்கோன்னார். அப்புறம் கேட்கவே இல்லை. என்கிட்ட செத்திருக்கும்னு நெனச்சிருப்பார்."

"என்ன தண்ணி விடறீங்க?"

"அரிசி களைஞ்ச தண்ணி. சிங்க்ல கொட்டறதை இதுல கொட்டறேன்."

"பூத்துதுன்னு அவர்கிட்ட சொல்லலையா?"

"இதைப் போய் என்ன சார் சொல்றது? ஊசி முனை மாதிரி பூ. நாத்தம் வேற. சமையல் பண்ற எடம். பார்த்ததும் கிள்ளிப் போட்டுடுவேன். போன வாரம் கூட ஒரு பத்துப் பதினஞ்சு கிள்ளினேன்." எட்டிப் பார்த்தாள். "அதோ, அடியில ஒண்ணு விட்டுப் போயிருக்கு பாருங்கோ."

செத்தவரின் கழுத்திலிருந்து எடுத்த லென்ஸ், கோர்ட்டில் ஒப்படைக்க வேண்டிய கவரோடு வேலாயுதத்தின் பையில் இருந்தது. விதிப்படி திறக்கக் கூடாது. திறந்தார்.

குனிந்து பார்த்தார்.

காபி நிறத்தில் மூன்று இதழ். விளிம்பில் தங்க மயிர். நடுவில் ரத்தச் சிவப்பில் ஒரு சின்ன உதடு. அவர் விட்ட மூச்சு பட்டு அந்த உதடு மேலும் கீழும் ஆடியது. யாரையோ கூப்பிடுவது மாதிரி. மூச்சைப் பிடித்துக்கொண்டார். அது நின்றது. விட்டார். மறுபடி ஆடியது.

எத்தனை நேரம் அப்படி நின்றார் என்று தெரியவில்லை. இட்லி வெந்துவிட்டது என்று ராஜலக்ஷ்மி சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார்.

பிறகு நாற்றம் உறைத்தது.

அந்தப் பூவை ஒரு தீப்பெட்டியில் வைத்துத் தாவரவியல் நிபுணர் ஒருவருக்கு அனுப்பினார். ஜூன் மாதம் பதில் வந்தது. இதுவரை எங்கும் பதிவாகாத இனம். பெயர் சூட்ட வேண்டும். பூக்கவைத்து வளர்த்தவரின் பெயரைச் சூட்டலாம் என்று எண்ணுகிறோம். இணைத்துள்ள படிவத்தில் பெயரை நிரப்பி அனுப்பவும்.

வேலாயுதம் படிவத்தோடு மூன்று மாடி ஏறினார்.

ராஜலக்ஷ்மி கடைசி வரி வரை படித்தாள். படிவத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இந்த நாத்தத்துக்கு என் பேரா? நன்னாருக்கு சார். பொண்ணுக்கு வரன் பார்த்துண்டிருக்கோம்."

ஜூலை 22, திங்கட்கிழமை, கோபு மீது குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று. ஜாமீன் மனு இரண்டாவது முறையும் தள்ளுபடியானது. ராஜலக்ஷ்மி சாட்சி எண் நான்கு. படிவம், பெயர் எழுத வேண்டிய கட்டம் நிரப்பப்படாமல், நிபுணருக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.